முன்பரிசயம் வேண்டாம்

பதினாறு வயதில் நான் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். முன்பரிசயம் உண்டா? முன் அனுபவத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் அந்த வார்த்தை மட்டும் மாறாது. பேக்கரியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு பப்ஸை எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கொடுக்க என்ன முன்பரிசயம் வேண்டுமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாறசாலையில் ஒரு துணிக்கடைக்காரர் என் ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆவட்டும் மக்கா, எனக்குக் கேஸுக்கு நடக்க நேரமில்ல" என்றார். டயர் கடைக்காரர் என் உள்ளங்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்ததோடு சரி.

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இலை போடும் வேலை. இலையின் நுனி, சாப்பிட உட்காருகிறவருக்கு இடப்பக்கம் வரவேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் நான் நின்றது மேசைக்கு எதிர்ப்புறம். எனக்கு இடது, அவர்களுக்கு வலது என்பது மண்டையில் ஏறுவதற்குள் நாற்பது இலை போட்டு முடித்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்த ஒருவர், "இது கல்யாணமா, அடியந்திரமா?" என்று சத்தமாகக் கேட்டார். அடியந்திரம் என்றால் செத்தவர் பேரில் போடுகிற சாப்பாடு. கேட்டரிங்காரர் எனக்கு ஒரு இலையில் சோறு போட்டு, சாப்பிட்டதும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பாயசம் மட்டும் இரண்டு தரம் விட்டார், பாவம்.

விளையாட்டுக்கு வேலை தேடவில்லை நான். எங்கள் வீடு காரோட்டில். அப்பா கான்கிரீட் வேலைக்காரர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் நாலு மாதமாகக் கட்டிலில். அம்மா அண்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். எண்ணெய் போகச் சாம்பல் தேய்த்துக்கொண்டுதான் சோறு பிசைய வருவாள். அந்தக் கை மட்டும் சம்பாதித்து மூன்று வயிறு நிரம்பவில்லை. ஒரு நாள் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எலே, இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து செய்ய வல்ல வேலையும் கிட்டிச்சுண்ணா படி. கிட்டலண்ணா மாமன் கூட கான்கிரீட்டுக்குப் போயிரு. நான் என்ன செய்ய?"

வல்ல வேலையும் என்றால் ஏதாவது ஒரு வேலை. நான் பிளஸ் ஒன்னில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பெரிய படிப்பாளி ஒன்றுமில்லை. ஆனாலும் சிமெண்டுச் சட்டியைத் தலையில் தூக்கி வைத்தால் அதை இறக்க முடியாது என்பது அப்பாவைப் பார்த்தே தெரிந்திருந்தது. அந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, பாறசாலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

மலையாளத்தில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியோடு சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுவரை இருக்க ஒரு பையன் வேண்டும். இடம் கொல்லயில். முன்பரிசயம் வேண்டாம். அந்தக் கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு எவனும் அதைப் படித்துவிடக் கூடாதே.

வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. முற்றத்தில் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கிற ஒரு குட்டைத் தெங்கு. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கரியைத் தேய்த்தது போல இருந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர். திருவனந்தபுரத்திலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களை ரயில்கள் பாறசாலையில் இறக்கிவிடுகிற நேரத்தில்தான் அவருக்கு ஓட்டம். அந்த நேரத்தில் வீட்டில் அவருடைய அப்பாவோடு இருக்க ஆள் வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சோடு பேச்சாக அவரே அதைச் சொன்னார். பகலில் இருந்த ஹோம் நர்ஸைப் போன வாரம்தான் நிறுத்தினாராம். காசு கட்டுப்படியாகவில்லையாம்.

"இதுக்கு முந்தி வல்ல தீனக்காரரையும் நோக்கியிருக்கியா?" என்று கேட்டார். தீனக்காரர் என்றால் நோயாளி.

அப்பாவைப் பார்த்துக்கொண்டது நான்தான், படுக்கை மாற்றுவதுமுதல் எல்லாம் தெரியும் என்று சொல்லும்படி அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாயில் வந்தும்விட்டது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"இல்லண்ணே."

"வீட்டுல, சொந்தத்துல, நர்ஸு வல்லவரும் உண்டா?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. சவூதியில் ஒன்று, லண்டனில் ஒன்று என்று சொல்லிக்கொள்வார்கள். அதற்கும் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதையும் இல்லை என்றேன். வேலை போயிற்று என்று செருப்பைத் தேடினேன்.

"அது மதி. நாளை முதலு வா" என்றார் அவர். மதி என்றால் போதும்.

எத்தனை கடை ஏறியிருப்பேன். உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாறசாலைவரை ஓடியே வந்தேன்.  விஷயத்தைக் கேட்ட அப்பா அன்று ராத்திரி அம்மாவிடம் எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுக்கச் சொன்னார்.

அந்த அப்பூப்பன் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். தாத்தாவை நாங்கள் அப்பூப்பன் என்போம். சுவரில் காக்கிச் சட்டையோடு அவருடைய படம் இருந்தது. பஸ்ஸின் ஸ்டியரிங் போலவே அகலமான மனிதர். கட்டிலில் கிடந்தது அதில் கால்வாசிகூட இல்லை. இரண்டாம் தடவை ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம். வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ஒரு மெல்லிய குழாய், அதில்தான் ஆகாரம். தலைமாட்டில் பைபிள் இருந்தது. சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சும் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. யார் தின்ன?

"குழாய்ல கொடுக்க வேண்டியத நான் கொடுத்துட்டுத்தான் போவேன். நீ சும்மா இருந்தா மதி. வேர்த்தா தொடச்சு விடு, ஈச்ச இருந்தா ஓட்டு," என்றார் அந்த ஆட்டோக்கார அண்ணன். "வாய் வழியா ஒண்ணும் கொடுக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லியிருக்கு."

ஏன் கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்பதுதான் அதுவரை எனக்கு உலகம் கற்றுக்கொடுத்திருந்த ஒரே பாடம்.

கிளம்புவதற்கு முன் அவர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், அந்தக் குட்டைத் தெங்கிலிருந்து ஒரு கரிக்கு பறித்தார். கரிக்கு என்றால் இளநீர். கண் திறந்து கொண்டுவந்து அப்பூப்பனின் தலைமாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி.

"நினக்காக்கும். தாகிச்சா குடிச்சோ."

அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. வேலைக்கு வந்தவனுக்கு வெறும் தண்ணீர் தருகிறவர்களே குறைவு.

அவர் போன பிறகு கரிக்கை எடுத்து வாயில் வைத்தேன். இரண்டு மடக்குதான் குடித்திருப்பேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"வெள்ளம்."

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அதுதான் பெயர். ஸ்ட்ரோக் அந்த மனிதரிடம் இருந்த எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. நாக்கு தடித்து, பாதி மூச்சாக வரும். கண் என் கையிலிருந்த கரிக்கின் மேலேயே இருந்தது. நான் திரும்பி நின்று குடித்தேன். திரும்பி நின்றாலும் கேட்டது.

மறுநாள் கரிக்கை வராந்தாவுக்குக் கொண்டுபோய்க் குடித்தேன். மூன்றாம் நாள் குடிக்கப் பிடிக்காமல் வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு அண்ணன் வந்து, அது அப்படியே இருப்பதைப் பார்த்து, "குடிக்கலியா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் அதை வெளியே எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் புதிதாக ஒன்று வெட்டி, அதே இடத்தில் கரண்டியோடு வைத்துவிட்டுத்தான் போனார். வழுக்கை சுரண்டித் தின்னத்தான் கரண்டி என்று நினைத்தேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அப்பாவை வெறுத்தவர் இல்லை. ஒரு நாள் நான் சீக்கிரம் போய்விட்டேன். அப்பூப்பனின் முதுகில் படுக்கைப் புண் இருந்தது, என் கை போகும் அளவுக்கு. அண்ணன் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து அதைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பூப்பன் அடிபட்ட மாடு மாதிரி முனகினார். "இப்பம் தீரும் அப்பா, இப்பம் தீரும்" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார், மூக்கிலிருந்து ஒழுகுவதைத் தோளில் துடைத்துக்கொண்டு. கழுவி முடித்து வெளியே போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் வெகுநேரம் அதைக் கிளப்பவேயில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ரயில் வந்து போன சத்தம்கூடக் கேட்டது. அன்றைய ஓட்டம் போயிருக்கும்.

ஒரு வாரத்தில் எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. கணக்குப் பாடத்தை அந்த அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். ஒரு கணக்கு முடிவதற்குள் பத்துத் தடவை "வெள்ளம்" என்பார். காதைப் பொத்திக்கொண்டால் கண் பார்க்கும். வீட்டில் நான் வெள்ளம் குடிக்கும்போதும் அந்தக் கண் எனக்கு முன்னால் இருந்தது. அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன மக்கா, முகமே வாடிப்போச்சு. அங்க வல்ல தொந்தரவும் உண்டா?"

சொன்னேன். அவர் கேட்கிறார், கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அம்மா சாம்பல் பூசிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது.

"டாக்டருக்கு என்ன, அவருக்கா தொண்ட வறளுது? சாவப்போறவன் கேட்டு, வெள்ளம் கொடுக்காண்டு இருந்தா அந்தப் பாவத்த எங்க கொண்டு கழுவ? எனக்க அப்பன் கெடந்தப்ப நான் கரண்டில தொட்டுத் தொட்டுக் கொடுத்தேன். அவரு குடிச்சுட்டு நல்லாத்தான் கண்ண மூடினாரு. ஒரு கரண்டி கொடுத்தா லோகம் இடிஞ்சு விழாது, கேட்டியா."

அம்மா சொன்னது அவள் மட்டும் சொன்னதில்லை. அந்த வீட்டுக்குப் பார்க்க வந்த சபை அம்மாமார்களும் படியிறங்கும்போது அதையேதான் முணுமுணுத்தார்கள். இந்துவோ கிறிஸ்தவரோ, எங்கள் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே வேதக்காரர்கள். தாகித்துக் கிடக்கிறவனின் வாயை நனைக்காமல் போகிறவன் மனுஷன் இல்லை.

பன்னிரண்டாம் நாள் நான் கொடுத்தேன்.

கரண்டியில் கரிக்கு வெள்ளம் எடுத்து உதட்டில் வைத்ததும் அப்பூப்பனின் வாய் தானாகத் திறந்தது. ஒரு கரண்டி. கொஞ்சம் கடைவாயில் வழிந்தது, துடைத்தேன். மீதி உள்ளே போயிற்று. அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதுவரை நான் பார்த்ததில்லை. மறுபடியும் வாயைத் திறந்தார், கூட்டில் இருக்கும் குஞ்சு திறப்பதுபோல. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானே, இதைக் கொடுக்காமலா இந்த மனிதரை ஏழு மாதம் காயப்போட்டார்கள் என்று எல்லோர் மேலும் கோபம் வந்தது. ஆறு கரண்டி கொடுத்தேன். ஏழாவதில் இருமினார். சத்தமே வராத, நெஞ்சுக்குள்ளேயே குலுங்குகிற இருமல். அது நின்ற பிறகு தொண்டையில் ஏதோ கொழகொழவென்று ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தடவிவிட்டேன். தூங்கிப்போனார். அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் வெள்ளம் கேட்காமல் தூங்கியது அன்றுதான்.

கரண்டியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். மீதிக் கரிக்கை நான் குடித்துவிட்டேன், யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க.

எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். முதலில் அப்பாவைப் பார்த்தார். பிறகு காலியான கரிக்கைப் பார்த்தார். கரண்டியைக் கையில் எடுத்து, அது கழுவியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வெள்ளம் கேட்டாரா?"

"இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

 என் தலையில் கையை வைத்தார். கையை எடுக்க மறந்தவர் போல நின்றார். ஓட்டம் ஜாஸ்தியாக இருந்திருக்கும், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் போனபோது ஆட்டோ வாசலில் நின்றது. அப்பூப்பனுக்குக் காய்ச்சல். மூச்சு விடும்போது அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம். அண்ணன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நாளை நோக்கலாம். நீ வீட்டுக்குப் போ மக்கா" என்றார். மேசையில் அன்றைக்குக் கரிக்கு இல்லை. அதற்கடுத்த நாள் விடியும்போது அப்பூப்பன் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நானும் போனேன். கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்றேன். பாதிரியார் ஜெபித்ததோ பாட்டு பாடியதோ ஒன்றும் காதில் விழவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன், ஆள் மூன்றாம் நாள் போய்விட்டார், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ என்ற ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. உண்டு என்றால் நான் யார்? அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எல்லோரும் கலைந்த பிறகு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அண்ணைக்கு நான்..."

"வேண்டாம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். முழு மாதச் சம்பளம். "பாறசாலையில எனக்க கூட்டுக்காரனுக்கு ஒரு மருந்துக்கட உண்டு. சாயங்காலம் நிக்க ஒரு பயலு வேணும்ணு கேட்டான். உன்னச் சொல்லியிருக்கேன்." போகத் திரும்பியவர் நின்றார். "முன்பரிசயம் உண்டுண்ணு சொல்லியிருக்கேன்."

அந்த மருந்துக்கடை என்னைக் காப்பாற்றியது. கான்கிரீட்டுக்குப் போகவில்லை. பிளஸ் டூ முடித்தேன். மருந்துப் பெயர்கள் படிந்துபோனதால் நர்சிங்குக்கு விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்துக்கும் கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாயிற்று. இன்று நான் உண்கிற சோறு அந்தச் சிபாரிசில் வந்ததுதான். பன்னிரண்டு நாள் வேலைக்கு முழுச் சம்பளம் கொடுத்த மனிதரை ஏமாற்றிவிட்டோமே, அவருக்குத் தெரியாமல் அவர் அப்பாவுக்கு வெள்ளம் கொடுத்துவிட்டு இல்லை என்று சாதித்தோமே என்று வருடக்கணக்காக எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எதிரே அவருடைய ஆட்டோ வந்தால் கடைக்குள் நுழைந்துவிடுவேன்.

நர்சிங் முதல் வருடத்தில் ஒரு நாள் டீச்சர் போர்டில் தொண்டையை வரைந்தார். இரண்டு வழி. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. நடுவில் ஒரு மூடி. ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு அந்த மூடி வேலை செய்யாது, ஒரு கரண்டி தண்ணீர்கூட வழி மாறிப் போகும், சத்தமில்லாமல் இருமுவார்கள், காய்ச்சல் வரும், வயதானவர்கள் இரண்டு மூன்று நாளில் போய்விடுவார்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுடைய அப்பா எப்படிப் போனார் என்றும் நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் டீச்சர் சொல்லித்தந்தது பாதிதான். மீதியை ஒரு பெண் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். மருந்துக்கடையில் சேர்ந்த இரண்டாம் மாதம், கடை அடைத்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது. அடக்கத்தில் என்னைப் பார்த்திருக்கிறாள் போல. தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் எனக்கு முன்னால் இருந்த ஹோம் நர்ஸ் சேச்சி அவள்தான். காரக்கோணத்துக்காரி.

"நீ தானே அந்த டிரைவர் அப்பூப்பன நோக்கினது? உனக்கும் கரிக்கு வெட்டி வெச்சானா?"

"ஆமா. தினமும்."

"எனக்கும் கடைசில தினமும் வெச்சான். ஏழு மாசம் இல்லாத ஒரு கரிக்கு. சேச்சிக்காக்கும், குடிச்சோண்ணு சொல்லி, அவருக்கக் கண்ணு முன்ன, கரண்டியும் போட்டு. அது யாருக்கு வெச்சதுண்ணு எனக்குத் தெரியாதா? எட்டு நாளு நான் அத எடுத்து வாழ மூட்டில கொட்டினேன். ஒம்பதாம் நாளு காசு கட்டுப்படியாவல்லண்ணு என்ன நிறுத்திட்டான். காசு எங்க அவன் கொடுத்தான், கல்ஃபுல இருந்து அவனுக்க பெங்ஙளு அல்லவா அனுப்பினா." பெங்ஙள் என்றால் கூடப்பிறந்தவள். "முன்பரிசயம் வேண்டாம்ணு கம்பத்துல எழுதி ஒட்டியிருந்தத நானும் கண்டேன்."

கண்டக்டர் வந்தார், நான் டிக்கெட் எடுத்தேன்.

"நீ குடிச்சியா மக்கா?"

"குடிச்சேன்."

"நீ மட்டுமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இறங்கும்போது என் தோளை ஒரு தடவை அமுக்கி, "நல்லா படி, என்ன" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. வேலை போன எரிச்சலில் ஒரு நல்ல மனிதரைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிகிறாள் என்று நினைத்தேன். அவர் தன் கையால் பறித்து, வெட்டி, குடி என்று கொண்டுவந்து வைத்த கரிக்கு. அத்தனை இனிப்பு அது. ஒரு வாய்கூடக் குடிக்காமல், எட்டு நாள் எட்டுக் கரிக்கை வாழை மூட்டில் கொட்டியிருக்கிறாளே, என்ன திமிர் பிடித்தவள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.